ஜாதவ்பூர் அரசமரத்தடியில் செட்டியார்

என் தங்கை வசந்தாவுக்கு நுரையீரல் நோய். குளிர்காலத்தில் கொல்கத்தா காற்று அவளை என்ன பாடுபடுத்துகிறது என்று நேரில் பார்க்கவே ஜனவரியில் சென்னையிலிருந்து ரயிலேறினேன். கணவர் போன பிறகு தனியாகப் பயணம் செய்வது எனக்குப் பழகிவிட்டது. என் பெட்டியை நானே தூக்குவேன்.

ஹவுராவிலிருந்து ஜாதவ்பூர் சுமார் பதினான்கு கிலோமீட்டர். டாக்சிக்கு நானூறு ரூபாய். காலை ஒன்பது மணிக்கும் சூரியனைக் காணோம். கரியாஹாட் தாண்டும்வரை தொண்டையில் கரி நெடி.

வசந்தாவின் சந்தில் திரும்பியதும் மூச்சு லேசானது. அங்கே ஒரு பெரிய அரசமரம். அதன் அடியில், பனிப்புகைக்குள், முப்பது நாற்பது பேர் குந்தியிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நெருங்கிய பிறகுதான் மண் சாமிகள் என்று தெரிந்தது. மழையில் கண்ணும் மூக்கும் கரைந்த சரஸ்வதிகள், லட்சுமிகள். பூஜை முடிந்த சிலையைக் குப்பையில் போட வங்காளிகளுக்கு மனம் வராது. இப்படி மரத்தடியில் விடுவார்கள்.

நடுவில், குங்குமம் அப்பி, செம்பருத்தி மாலையோடு எங்கள் வீட்டுக் கொலு பொம்மைச் செட்டியார்!

"கை உடைஞ்சுடுத்துன்னு கொண்டுபோய் வெச்சேன், அக்கா. மறுநாளே இந்தத் தெருக்காரா பூஜை பண்ணிட்டா. மளிகைக்கடைக்காரருக்கு வந்த வாழ்வைப் பாரேன்!" என்றாள் வசந்தா. சிரிப்பு இருமலில் முடிந்தது.

சாலையோர மரங்களை வெட்டிய பிறகு, வசந்தா வீட்டில் அந்தப் பக்கத்து ஜன்னல் திரை ஒரே வாரத்தில் கறுக்கிறது. அரசமரப் பக்கத்து அறையில் தூசி குறைவு. இலையைத் தொட்டால் விரலில் கரி. நம் மூச்சில் ஏறியிருக்க வேண்டியது. டாக்டர் அவளை அந்த அறையில்தான் படுக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்து மனையில் அடுக்ககம் கட்டுகிறவருக்கோ அந்த மரம் இடைஞ்சல்.

மறுநாள் ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். நான் கீழே இறங்கிப் போனேன். செட்டியாரைப் பார்த்ததும் மேஸ்திரி நின்றுவிட்டார்.

"மாஷிமா, ஏட்டா கோன் டாக்குர்?" பெரியம்மா, இது என்ன சாமி என்கிறார்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பொய் சொன்னதில்லை என்ற கர்வம் உண்டு. மேலே ஜன்னலில் வசந்தாவின் இருமல் கேட்டது.

"எங்க ஊர்க் காவல் தெய்வம். அசைச்சவங்களை விட்டதில்லை," என்றேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில்.

காற்றே இல்லை. ஆனால் இலைகள் அத்தனையும் சலசலத்தன. மேஸ்திரி ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, புரோகிதரோடு வருவதாகச் சொல்லிப் போனார். நான் இருந்த ஒரு வாரமும் வரவில்லை.

குளிர்காலத்தில் போகிறவர்கள் நல்ல முகக்கவசம் எடுத்துச் செல்லுங்கள். தங்குமிடத்தில் சாலையைப் பார்க்காத, மரமுள்ள பக்கத்து அறையாகக் கேளுங்கள். அந்தச் சந்துக்குப் போனால், படம் எடுக்கச் செட்டியாரை நெருங்க வேண்டாம். கிளம்பிய அன்று அவரைக் கடந்தபோது என் காலில் செருப்பு இல்லை, கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.