அம்மாவின் பாட்டுக்காரர்

கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி அம்மாவுக்குப் போனில் அந்தப் பாட்டைப் போட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அமெரிக்க மதுச்சாலைகளில் கிற்றாரோடு பாடிய அதே பாடகர், சின்ன வயதில் நாங்கள் கேட்ட அதே பாட்டு. ஆனால் குரல் அவசரமாக, ஓர் இளந்தாரியின் குரலாக ஓடியது.

போர்க்காலக் குருநகர், எங்கள் கடலோர ஊர். கப்பலில் வேலை செய்த அப்பா விட்டுப்போன அந்த ஒரே கசெற்றை நாங்கள் சைக்கிள் டைனமோவில்தான் கேட்டோம். மின்சாரத்தை நிறுத்தியவர்களால் அந்தப் பாடகரை நிறுத்த முடியவில்லை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை நான் கையால் சுற்றுவேன். முற்றமெங்கும் கருவாடும் மண்ணெண்ணெய்ப் புகையும் மணக்கும். என் கை சோரச் சோர கசெற் மெதுவாகச் சுற்றி அவர் குரல் தாழ்ந்து இழுபடும். அந்த இடத்தில்தான் அம்மா வலை தைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

“உவர் பாடுறது உனக்கு விளங்குதோ?” என்று பக்கத்து வீட்டு மேரியக்கா சீண்டுவார்.

“பெண்சாதி தன்னை விட்டிட்டுப் போனதாலை குடிச்சிட்டு அழுறார். உதுக்கு இங்கிலிசு வேணுமோ?” என்பார் அம்மா.

இப்போது தம்பி சிரித்தான். “அக்கா, உங்கடை கை களைச்சதாலை அப்பிடிக் கேட்டிருக்கு. இதுதான் அவரின்ரை உண்மையான குரல்.”

“அப்ப தொட்டிலிலை கிடந்த நீ எனக்கு உண்மை சொல்லாதை” என்றேன். ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் இத்தனை வருடம் நேசித்தது என் களைப்பைத்தானா?

அம்மா பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“பரவாயில்லை” என்றார். “உந்தப் பொடியனும் அவரைப் போலத்தான் பாடப் பாக்கிறான். இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டால் வரும்.”