மார்லிஸின் இடது தோள்

கடைக்குள் நுழைந்ததும் மார்லிஸ் ஓயலா யாரையும் நலம் விசாரிப்பதில்லை. ஆணிப் பெட்டிகளைத் தாண்டி, பனி வாரும் மண்வெட்டிகளைத் தாண்டி, நேரே பின்சுவருக்குப் போய் நின்றுகொண்டு, "எங்க, அத எடு" என்பாள். எதை என்று நானும் கேட்பதில்லை. சங்கிலிப் பூட்டைத் திறந்து, வரிசையின் கடைசியில் சாய்ந்திருக்கும் பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளை எடுத்துக் கொடுப்பேன். அதை நடுவில் மடித்துத் திறப்பாள். குழலுக்குள் ஒரு முறை ஊதுவாள். டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து இடது கண்ணால் உள்ளே பார்ப்பாள். டக்கென்று மூடி வலது தோளில் வைப்பாள். வைத்த மறுநொடியே "சீ, கழுத" என்று தன்னையே திட்டிக்கொண்டு இடது தோளுக்கு மாற்றுவாள். செப்டம்பர் பிறந்ததிலிருந்து இது நடக்கிறது.

வாங்கப் போகிறாயா என்று கேட்டால், "பாக்குறேன்" என்பாள். பார்ப்பதற்கென்று வருகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். இலை உதிரத் தொடங்கினால் என் இரும்புக் கடைதான் ஆண்களுக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் காப்பியும் குடித்துவிட்டு, பத்துத் துப்பாக்கிகளைத் தடவிவிட்டுப் போவார்கள். மார்லிஸ் ஒன்றை மட்டுமே தொடுவாள். காப்பியையும் தொடமாட்டாள். "ஆர்வோ, இத நீ காப்பின்னு சொல்றியா? எங்க பள்ளிக்கூடத்துல தரை துடைச்ச தண்ணி இதவிடக் கெட்டியா இருக்கும்" என்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கழுவப்பட்டதும் தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் என் கடைக்கு வந்துவிடுவாள். அவள் வந்துபோன பிறகு வெகுநேரம் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருக்கும் பக்கமெல்லாம் வதக்கிய வெங்காயம் மணக்கும். குள்ளமான, உறுதியான உடம்பு. பெரிய குண்டானை இறக்கி இறக்கி முன்கை இரண்டும் மரவெட்டியுடையவை போலாகிவிட்டன. அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அன்றைக்கும் என்னை அவள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

இந்த மார்ச் மாதம், ஒரு நாள் காலை எழுந்தபோது அவளுடைய வலது கண்ணின் நடுவில் காப்பிக் கறை மாதிரி ஒன்று நின்றது. துடைத்தால் போகவில்லை. கண்ணுக்குள் இருக்கும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரங்கள் தெரியும், நடு மட்டும் இல்லை. ஊரே துக்கம் விசாரித்தது. என்னிடம் வந்தபோது இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "உன் காது ரெண்டும் தெரியுது, மூஞ்சி தெரியல. இதுவும் நல்லதுக்குத்தான்" என்றாள். சிரித்தேன். அவள் போன பிறகு எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் மார்லிஸ் வலது கண்ணால் குறி பார்க்கிறவள். நவம்பர் பதினைந்தில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது ஓயலா குடும்பம் காட்டுக்குள் இருக்கும் தங்கள் மரக் குடிலுக்குப் போய்விடும். கேம்ப் என்போம். அண்ணன் ரூடி, பெரியப்பா பையன்கள் இரண்டு பேர், மார்லிஸ். அங்கே ரூடிதான் சமைப்பான். உருளைக்கிழங்கைக் கருக்குவான், கருகியதை எல்லாரும் சாப்பிடுவார்கள். வருஷம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கரண்டி பிடிக்கிறவள் அங்கே மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பமாட்டாள். விடியுமுன் எழுந்து தன் மரத்தடிக்குப் போவாள், இருட்டியதும் வருவாள், சவுனாவில் வேர்க்க உட்கார்ந்து குளிப்பாள், தட்டை நீட்டுவாள். "வருஷத்துல அந்த ரெண்டு வாரந்தான் எனக்கு ஒருத்தன் சோறு போடுறான். கல்லா இருந்தாலும் தின்பேன்" என்பாள்.

அந்தக் கேம்ப்பின் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மானைச் சுட்டுக் குறி தப்பியவனின் சட்டையில் பின்பக்கம் தொங்கும் வாலை வெட்டிச் சுவரில் ஆணியடித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓயலா கேம்ப்பில் அடுப்புக்கு மேலிருந்து கூரை வரைக்கும் கட்டம் போட்டதும் கோடு போட்டதுமாகத் துணித் துண்டுகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் பெயரும் வருஷமும் மையால் எழுதியிருக்கும். ரூடிக்கு மட்டும் ஒரு மூலையே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மார்லிஸ் பெயரில் ஒன்றுகூடக் கிடையாது. வெட்டுகிறவளே அவள்தான். கோழி வெட்டும் கத்தரிக்கோலைப் பள்ளிக்கூட அடுக்களையிலிருந்து எடுத்துப்போய், தப்பியவனைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, இரக்கமே இல்லாமல் முதுகில் பாதி வரைக்கும் ஏற்றி வெட்டுவாள். அவள் அங்கே வால் தொங்கும் சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. இடுப்போடு நின்றுவிடும் ஒரு பச்சைக் கம்பளி மேலாடைதான். "எங்கிட்ட வெட்டுறதுக்கு வால் இல்ல, பாத்துக்கோங்க" என்று கைகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாளாம். அந்தத் திமிரை இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிவார்கள்.

ஆகஸ்டில் கேம்ப்பின் கூரைக்குத் தகரம் மாற்றிக்கொண்டிருந்தபோது ரூடி பேச்சை எடுத்திருக்கிறான். ஓட்டைக் கண்ணோடு எதற்குக் குளிரில் உட்கார வேண்டும், இந்த வருஷம் அடுப்பைப் பார்த்துக்கொள், யாரும் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டோம் என்று சொன்னானாம். ரூடி நல்லவன். தங்கை மேல் உயிரையே வைத்திருக்கிறவன். அதனால்தான் எனக்கு அவன் மேல் அவ்வளவு எரிச்சல் வந்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் அவள் அவன் நின்ற ஏணியை உருவியிருப்பாள். அன்போடு சொன்னதால் தகரத்தில் அடுத்த ஆணியை அடித்திருக்கிறாள்.

அவளிடம் நல்ல ரைஃபிள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது வலக்கைக்காரர்களுக்குச் செய்தது. அடுத்த தோட்டாவை ஏற்றும் கைப்பிடி வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இடது தோளில் வைத்தால் அதை எட்டிப் பிடித்து இழுக்க வேண்டும். சுட்ட தோட்டாவின் சூடான உறை மூக்குக்கு முன்னால் பறக்கும். என் கடையிலிருக்கும் இந்தப் பழசுக்கு இடது வலது என்ற பேதமே இல்லை. மடித்துத் திற, ஒரு தோட்டாவைப் போடு, மூடு. தோட்டாவை அடிக்கும் குதிரை நட்டநடு முதுகில் இருக்கிறது. எந்தக் கை வேண்டுமானாலும் பின்னுக்கு இழுக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாக வாங்கிக் கொடுப்பார்கள், இரண்டு வருஷத்தில் பெரியது வாங்கியதும் விற்றுவிடுவார்கள். இதுவும் அப்படி வந்ததுதான். பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டுமென்று யாரோ தோளில் முட்டும் மரக்கட்டையின் அடியை அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள். அந்த அறுத்த மூலையில் ஒரு நாய் தன் பல்வரிசையைப் பதித்திருக்கிறது.

குட்டையான கட்டை மார்லிஸுக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது. அதைச் சொன்னேன். குழலுக்குள் துரு இல்லை என்று சொன்னேன். நாய்க்கடியை மணல்தாள் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். வியாபாரி வாய் சும்மா இருக்குமா?

"கடிச்சது கடிச்சதாவே இருக்கட்டும். துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, ஆர்வோ. நான் எப்படி இருக்கேன்னுதான் தெரியல."

"தப்பினா என்ன, ஒரு சட்டதானே?"

"தப்பினா சட்டையோட போயிடும். பாதி அடி பட்டு ஓடிச்சுன்னா? அது எங்கயோ ஒரு சதுப்புல விழுந்து கெடக்கும், நான் கேம்ப்புல தின்னுட்டுத் தூங்குவேனா? இதுல ரெண்டாவது தோட்டாவும் இல்ல."

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் ஜல்லிக் குழிக்குப் போனேன். ரைஃபிளும், ஒரு பெட்டித் தோட்டாவும், சர்ச் விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டுகளும் கையிலிருந்தன. மண்மேட்டில் ஒரு தட்டைக் குச்சியில் குத்தி நிறுத்தினேன். வண்டியின் முன்மூடி மேல் கோட்டை மடித்துப் போட்டு அதன்மேல் குழலைத் தாங்கிச் சுட்டாள். தட்டு அசையவில்லை. சுட்டதும் அவளுடைய வலது கை தானாக எழுந்து, அங்கே இல்லாத கைப்பிடியை இழுத்து, வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"இது யாரு கை?" என்றாள்.

மறுபடியும் சுட்டாள். மண்தான் தெறித்தது. கவனித்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. இடது கண்ணால் குறி பார்க்கும்போது வலது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். மூடுகிற வேகத்தில் முகம் முழுவதும் கோணி, தலை கட்டையிலிருந்து எழும்பிவிடுகிறது.

"மார்லிஸ், அந்தக் கண்ண எதுக்கு மூடற?"

"குறி பாக்க வேண்டாமா?"

"அதுதான் ஏற்கெனவே மூடிக் கெடக்கே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ கெட்ட வார்த்தை வரப்போகிறது என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு, கன்னத்தைக் கட்டையில் பதித்துச் சுட்டாள். தட்டின் ஓரம் கிழிந்தது. கிட்டே போய்ச் சுட்டாள், தள்ளி நின்று சுட்டாள், மண்டி போட்டுச் சுட்டாள். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை போனோம். கடைசி ஞாயிறு எல்லாத் தோட்டாக்களும் தட்டின் நடுவிலேயே விழுந்தன. அன்றைக்கு நின்ற இடத்தில் காலால் ஒரு கோடு கிழித்துவிட்டு, "தட்டுலேர்ந்து இந்தக் கோடு வரைக்கும் இருக்கற தூரத்தவிட ஒரு அடி தள்ளி மான் நின்னாலும் நான் தொடமாட்டேன். கிட்ட வர்றதுக்குக் காத்திருப்பேன். எனக்கென்ன அவசரம்?" என்றாள்.

அப்படியும் வாங்கவில்லை. வருவாள், ஊதுவாள், பார்ப்பாள். துப்பாக்கி இடது தோளுக்குத் தானாகவே போக ஆரம்பித்திருந்தது. எல்லாம் சரியான பிறகும் எதற்கு யோசிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. வேறு யாருக்காவது விற்றுவிடுவேன் என்று பயமுறுத்தினேன். "வித்துத்தான் பாரேன்" என்றாள். அந்தக் குரலில் என் கையிலிருந்த சாவிக்கொத்து தானாகவே பைக்குள் போய்விட்டது.

பருவம் தொடங்குவதற்கு முந்தின வாரம் ரூடி கேஸ் சிலிண்டர் வாங்க வந்தான். மார்லிஸ் பின்சுவர் அருகே ரைஃபிளைத் தோளில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் சிலிண்டரை உருட்டிக்கொண்டே அங்கே போய் நின்றான்.

"என்ன பாப்பா, இது சின்னப் பசங்க துப்பாக்கியாச்சே." அறுபதைத் தொடப்போகிற தங்கை அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

"ஆமா."

"நாய் வேற கடிச்சிருக்கு."

"உன் கையில இருந்தா நாய்கூடக் கடிக்காது, பாவப்பட்டு நக்கிட்டுப் போயிடும்."

ரூடி சிரித்தான். பிறகு சிலிண்டர் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. உனக்கு ஒண்ணும் நான் தடை சொல்லல. பசங்க ரெண்டு பேரும் உன் பேருக்கு ஏற்கெனவே சுவத்துல இடம் பாத்து வெச்சிருக்கானுங்க. கதவுக்கு நேரா. உள்ள வர்றவன் எவனும் முதல்ல அதத்தான் பாப்பான். உன்னப் போட்டுக் கிண்டல் பண்ணுவானுங்க, எனக்குத் தாங்காது. அடுப்புல நின்னேன்னா ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு மாதமாக அவள் குழலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சுவரைத்தான்.

மார்லிஸ் ரைஃபிளை இறக்கினாள். மடித்துத் திறந்து, உள்ளே காலியாக இருப்பதைப் பார்த்து, மூடினாள். "கதவுக்கு நேராவா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நல்ல இடந்தான்."

கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தாள். "ஆர்வோ, எடுத்துக்கறேன்." துப்பாக்கி வாங்குகிறவரைப் பற்றிச் சட்டம் கேட்கும் விசாரணையைப் போனில் முடித்தேன். ரூடி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை முகத்தில் காட்டினால் அடி விழும் என்பதால் தோட்டாப் பெட்டியைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது மார்லிஸ் துணி அடுக்கியிருக்கும் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, பின்பக்கத்தைத் தன் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தாள். பெண்கள் அளவு எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ரூடியே போட்டாலும் தொளதொளவென்று இருக்கும் ஆம்பளைச் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். ரைஃபிளுக்குப் பக்கத்தில் அதைக் குப்புறப் போட்டு, அதன் நீண்ட வாலை அண்ணனுக்கு நேராக விரித்து, மடிப்புச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.