‘ங்க’ போட்டுக் கேட்ட கேள்வி

எனக்கு மனச்சோர்வு வந்த வருடம், சொந்தபந்தத்தில் ஆளாளுக்கு வைத்தியராக முளைத்தார்கள். கணபதிப் பகுதியில் ஒரு பம்ப்செட் ஒர்க்ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தவன், பல் துலக்கக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் கிடந்தேன். திருஷ்டி என்றாள் அம்மா. வைட்டமின் என்றான் தம்பி. கோபிசெட்டிபாளையத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த மனைவியின் பெரியப்பா, ஒரு சீப்பு நேந்திரன் பழத்தை வைத்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"மாப்ளைக்கு வேலை பத்தலீங்க. நாலு வாழைக்கு மண்ணு அணைச்சா எல்லாஞ் செரியாப் போயிரும். மனசு டாக்டரெல்லாம் கிறுக்குப் புடிச்சவங்களுக்குங்க."

ஒரு சாயங்காலம் மனைவி தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, செத்துப் போயிரலாம்னு ஏதாச்சும் நெனப்பு வருதுங்களா?"

எங்கள் பக்கத்தில் சாவைப் பற்றிக் கேட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் கேட்பார்கள். இன்னொரு தோசை வேண்டுமா என்பதுபோல் அவள் கேட்டதில் எனக்குப் பொய் வரவில்லை. "வருது" என்றேன்.

அவள் அழவில்லை. புத்தி சொல்லவும் இல்லை. "செரிங்க. காலைல டாக்டர்கிட்டப் போறோம். அதுவரைக்கும் உங்களைத் தனியா உடமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சத்தத்தையே காணோமுங்க?"

"சோப்புப் போடறேன்டி!"

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

மறுநாள் மருத்துவமனையில், மாஸ்க்கும் தலையில் துண்டுமாக ஒருவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா!

"கால் வலிங்க மாப்ள" என்றார்.

"இது மனசு டாக்டருங்களே."

கொஞ்சம் யோசித்தார். "வலி மேல ஏறிப்போச்சுங்க." பிறகு மாஸ்க்கை இறக்கினார். "பெரியம்மா போனதுலருந்து தூக்கமே இல்லீங்க. ஆருகிட்டயுஞ் சொல்லலை."

டாக்டரம்மாவும் மனைவி கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். இந்த முறை விவரமாகவே சொன்னேன். மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. முதலில் தூக்கம்தான் வந்தது. ஒரு கல்யாணத்தில் மொய் எழுத வரிசையில் நின்றபடியே தூங்கினேன். மாத்திரையும் டாக்டரம்மாவோடு பேச்சுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடமாடினேன். இப்போதும் மோசமான நாட்கள் வரும். வந்தால் வீட்டில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் எதிரே இருந்த உறவினர் சத்தமாகக் கேட்டார். "மாப்ள பைத்தியக்கார டாக்டர்கிட்டப் போறாராமா?"

ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "நானுந்தானுங்க போறேன். கார்ல எடம் இருக்குது, வாரீங்களா?"

பந்தியே சிரித்தது. அந்த உறவினரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்தில் என் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு, "எந்தக் கெழமை போறீங்க அம்மணி? பையன் ஒரு மாதிரி இருக்கறானுங்க" என்று கேட்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பையனோடு அவர்கள் மூவரும் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். உறவினர் என்னைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டார்.