அப்பாவின் அக்கோடியன்

பாடுவதை நிறுத்திவிட்ட ராசாத்தி மாமி இன்று ஆள்மூலம் அனுப்பிவைத்த அப்பாவின் அக்கோடியன் பெட்டியைத் திறந்ததும், பழைய தோலும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனையில், நாவற்குடா வாவிக்கரையில் இப்போது இல்லாமற்போன அந்தத் தகரக் கொட்டகை எழுந்து வந்தது.

ஞாயிறு பின்னேரங்களில் அங்கேதான் மாமி பாடுவார். கூத்துப் பாட்டு, சினிமாப் பாட்டு, பைலா எல்லாம் அந்த ஒரே தொண்டையில் இருந்தன. பின்னால் வாசிக்க, அப்பாவையும் சேர்த்து, எப்போதும் அதே ஐந்து பேர், அதே நாற்காலிகள், தகரத்தில் காற்று உரசும் அதே சத்தம். மாங்கேணிக்கென்று ஒருநாள் பஸ் ஏறிய அப்பா திரும்பி வராத பிறகு, அவருடைய நாற்காலியில் இந்தப் பெட்டி இருந்தது. பாட்டின் நடுவே அக்கோடியன் வரவேண்டிய இடத்தில் மற்ற வாத்தியங்களும் நின்றுவிடும். தபேலா மட்டும் மெல்லத் தாளம் பிடிக்க, பக்கத்தில் இருக்கும் அம்மா என் உள்ளங்கையில் எட்டு வரை தட்டுவார், பிறகுதான் மாமி அடுத்த அடியை எடுப்பார்.

ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த கீபோட்காரர் அந்த மௌனத்தைப் பொறுக்காமல் அழகாக வாசித்து நிரப்பிவிட்டார். சனம் கைதட்டியது. அம்மாவின் விரல் என் கையில் அப்படியே நின்றுவிட்டது. மாமி கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார்.

“தம்பி, அந்த இடத்துக்கு ஆள் இரிக்கு,” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, முதலடியிலிருந்து திரும்பப் பாடினார்.

அப்பா போய் முப்பது வருடமாகிறது. பெட்டியின் மூலையில் பூச்சி உருண்டைகள் கொஞ்சமும் தேயாமல், போன வாரம் போட்டவை போலக் கிடக்கின்றன.