ஐந்து நட்டு, ஐந்து சிவப்புக் கோடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாதத்து மத்தியானம் நடந்தது இது. ஓசூர் பக்கத்தில், கெலவரப்பள்ளி அணையிலிருந்து வரும் சாலை நெடுஞ்சாலையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ஊரிலும் எந்த வேலையிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. போர்வெல் லாரியோடு ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். பர்கூர் பக்கம் குவாரியில் கல் ஏற்றினேன். பெங்களூரில் தண்ணீர் லாரி ஓட்டினேன். அலைந்தது போதும் என்று, கையிலிருந்ததைப் போட்டு, கிருஷ்ணகிரியில் ஒருவரிடம் ஒன்பது பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி ஒன்றை வாங்கினேன். எஸ்.யூ.வி. என்கிறார்களே, அது. ஏற்கெனவே பன்னிரண்டு வருடம் ஓடியிருந்தது. "இன்ஜின் சிங்கம் மாதிரி" என்று சொல்லித்தான் விற்றார். அவர் பொய் சொல்லவில்லை. இன்ஜினைத் தவிர மற்றதெல்லாம்தான் படுத்தியது.

முதல் மாதமே கிளட்ச் போனது. கூலியோடு பதினான்காயிரம். அடுத்து ரேடியேட்டர். பிறகு செல்ஃப் மோட்டார். ஒரு மழை நாளில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. இன்ஜெக்டர் தகராறில் கரும்புகை கக்கியபோது மூன்று மெக்கானிக்குகள் மூன்று காரணம் சொன்னார்கள். மூன்று பேருக்கும் பணம் கொடுத்தேன். இதில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வண்டி நின்றுபோனால் கடன் வாங்கியாவது செலவு செய்வேன். ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும், எந்தச் சத்தம் வந்தாலும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

அப்போது ஜூஜுவாடி பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு, இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவது என் வேலை. கான்ட்ராக்ட்காரர் மூலமாகக் கிடைத்தது. ஒரு நாள் வண்டி வராவிட்டால் மறுநாள் வேறு வண்டி வந்துவிடும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அந்த மாதம் இடதுபக்கப் பின்சக்கரத்தில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. இதையும் ஒரு வாரம் விட்டுவைத்தேன். உட்கார முடியாத அளவுக்கு இரைச்சல் வந்த பிறகுதான் சூளகிரி ரோட்டில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். பேரிங்கை மாற்றிவிட்டு, சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்டட் போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு ஸ்டட்ல மரை தேஞ்சு போச்சு. இது ஆகல்ல சாமி, தாங்காது. சாயங்காலம் புதுசு வந்துரும், போட்டுட்டுப் போ."

"மத்தியானம் ட்ரிப் இருக்குண்ணா. இப்போதைக்கு இறுக்கிக் குடுங்க. நாளைக்கு வர்றேன்."

"அப்ப அம்பது கிலோமீட்டர் ஓடினதும் ஒருவாட்டி நட்டை இறுக்கிடு. மறந்துறாத."

மறுநாளும் போகவில்லை, இறுக்கவும் இல்லை. சத்தம் நின்றுவிட்டதே, பிறகென்ன? அந்த ஸ்டட்டுகளின் விலை சில நூறு ரூபாய்தான். பல ஆயிரங்களை அழுதுவிட்டு அந்தச் சில நூறில் மிச்சம் பிடித்தேன்.

எட்டுப் பேரில் கடைசியாக ஏறும் பெண் மதுரைப் பக்கத்தவள். அக்கா வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். மற்றவர்களெல்லாம் என்னை அண்ணா என்பார்கள், அவள் மட்டும் அண்ணே என்பாள். பேரிங் மாற்றிய அன்று மத்தியானம் ஏறப்போனவள், சக்கரத்தில் புது கிரீஸ் அப்பியிருந்ததைப் பார்த்து நின்றாள்.

"கழட்டி மாட்டிருக்கீகளா அண்ணே? டைட் வச்சதும் மார்க் போட்டாகளா?"

"என்ன மார்க்கு?"

அவள் வேலை செய்யும் லைனில் ஒவ்வொரு நட்டையும் இறுக்கி முடித்ததும், நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்டால் ஒரு கோடு இழுக்க வேண்டுமாம். பின்னால் நட்டு துளி நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். சொல்லிக்கொண்டே பையில் துழாவி ஒரு நகப்பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். அக்கா மகளுக்கு வாங்கியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஐந்து நட்டுக்கும் ஐந்து சிவப்புக் கோடு இழுத்தாள்.

உள்ளே இருந்தவர்களில் மூத்தவர், வேப்பனப்பள்ளி பக்கத்துத் தெலுங்கு அம்மா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "நலங்கு வைக்கிறியா? நல்லா வை. டிரைவருக்குத்தான் கல்யாணம் ஆகல, வண்டிக்காவது ஆகட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். "உங்க கம்பெனி வேலையை கம்பெனியிலயே வச்சுக்கம்மா. ஏறு, நேரமாச்சு" என்றேன். பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிட நினைத்தேன். சோம்பலில் அப்படியே விட்டேன்.

நான்காவது நாள். வண்டியில் லேசாக ஒரு அதிர்வு. 'டக் டக்' என்று எங்கோ கேட்டது. ரோடு சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு அவள் நிற்கும் இடத்துக்கு வந்தேன். அவள் ஏறவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, இறங்குங்க. கோடு முறிஞ்சிருக்கு. மூணு நட்டு நகந்திருக்கு."

"ஒண்ணும் ஆகாது. வேலைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம். நீ சும்மா ஏறும்மா."

"நான் ஏற மாட்டேன். யக்கா, எல்லாரும் இறங்குங்க."

உள்ளே ஒரே கூச்சல். மணி ஒன்றே கால் தாண்டிவிட்டது. ஒரு நாள் தாமதமானாலும் அந்த மாதத்து வருகை போனஸ் போய்விடும். "உன்னால எங்க காசும் போகணுமா?" என்று ஒருத்தி கத்தினாள். மதுரைப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை, மூட விடவில்லை.

அவள் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அது தேவைப்படவே இல்லை. முதல் நட்டு விரலுக்கே சுற்றியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தொட்டேன். ஸ்டட் முறிந்து, நட்டோடு சேர்ந்து என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

இன்னும் ஒரு கிலோமீட்டரில் நெடுஞ்சாலை. அங்கே நான் எண்பதில் போவேன். பின்னால் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும். அந்தச் சக்கரம் இருக்கிற பக்கத்து சீட்டில்தான் தெலுங்கு அம்மா தினமும் உட்காருவார். அவர்தான் முதலில் இறங்கினார். அந்தப் பெண்ணின் தலையைத் தடவினார், என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

இரண்டு ஷேர் ஆட்டோ பிடித்து எட்டுப் பேரும் போனார்கள். இருபது நிமிடம் தாமதம். எட்டுப் பேருக்கும் அந்த மாதத்து போனஸ் போய்விட்டது. மெக்கானிக் பைக்கில் ஸ்டட்டுகளோடு வந்து, என்னைத் தமிழில் கொஞ்சமும் கன்னடத்தில் நிறையவும் திட்டிக்கொண்டே மாட்டினார். கான்ட்ராக்ட்காரர் போன் செய்தார். என் வேலை போய்விட்டது என்றுதான் எடுத்தேன். "பஞ்சராமே, ஸ்டெப்னி வச்சுக்க மாட்டியா?" என்றார். தொழிற்சாலை கேட்டில் எட்டுப் பேரும் சேர்ந்து பஞ்சர் என்று சொல்லியிருக்கிறார்கள். ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். குவாரியில் கால் நசுங்கியபோதுகூட எனக்கு அப்படி அழுகை வந்ததில்லை.

மறுநாள் அவளிடம், "மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல் பாட்டிலோடு சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மார்க் போட்ட வண்டிண்ணே. கழண்டா என் பேருதானே கெட்டுப்போகும்?"

அந்தத் தடவை யாரும் நலங்கு என்று சிரிக்கவில்லை. தெலுங்கு அம்மா மட்டும், "நாலு சக்கரத்துக்கும் போடு" என்றார்.

ஆறு மாதம் கழித்து அவள் அத்திப்பள்ளி பக்கம் வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். பாட்டிலை டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனாள். அது தீர்ந்ததும் ஓசூரில் ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போய் சிவப்பு நகப்பாலிஷ் கேட்டேன். "வீட்டுல அவங்க என்ன நிறம் சார்?" என்று கடைக்காரம்மா கேட்டார். "கிரீஸ் நிறம்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, செலவும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. தினமும் சாவி போடுவதற்கு முன் நான்கு சக்கரத்திலும் குனிந்து கோடுகளைப் பார்க்கிறேன், அப்படிக் குனியும்போதெல்லாம் "நீ சும்மா ஏறும்மா" என்று சொன்ன என் குரல்தான் முதலில் கேட்கிறது.