கிழக்கு மேட்டு அரணைகள்

லோரெய்ன் நோஸ்கேயின் இடது முன்கை கோணல். யார் முறித்த கை என்று பர்ரா ஊர்ப் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா செத்தபின் பண்ணை அவளுக்கும் தம்பி க்ளெமுக்கும் பொதுவில் வந்தது. கிழக்கு மேட்டில் மட்டும் அதுவரை கலப்பை பட்டதில்லை. அங்கே சிலந்திகள் தோண்டிவிட்டுப் போன விரல் தடிமன் குழிகளில், ஒரு சாணுக்கும் குறைந்த அரணைகள் குடியிருந்தன. வெயில் ஏறியதும் தலையை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். பக்கத்தில் வெட்டுக்கிளி தத்தினால் ஒரே பாய்ச்சல்; கவ்வி நொறுக்கி மறுபடி குழிக்குள். வேறு அரணை வாசலுக்கு வந்தால் கடிதான். அப்படி ஒரு சண்டையில் ஒன்றுக்குக் கண் போனதை அவள் பார்த்திருக்கிறாள். சொந்தமாகக் குழி தோண்டத் தெரியாத பிராணி, கிடைத்ததை விடாது.

ஏப்ரலில் முதல் மழைக்கு மறுநாள், வேலி சரிசெய்யக் கடப்பாரையோடு போனவள் மேட்டில் டிராக்டர் ஓடுவதைக் கண்டாள். பதினோரு சால் முடிந்திருந்தது. புரண்ட மண்ணில் ஓர் அரணை இரண்டாக அறுபட்டு, முன்பாதி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் டிராக்டரை மறித்தாள்.

"இங்க உழுறதில்லேன்னு பேசி முடிச்சோமே, க்ளெம்."

"நீ பேசினே. நான் சும்மா இருந்தேன்."

"குழி போச்சுன்னா அதுங்க எங்கடா போகும்?"

"உன் கட்டில்ல போட்டுத் தாலாட்டு. நீ பெத்ததெல்லாம் அதுங்கதானே."

மூன்று குழந்தைகளை வயிற்றிலேயே இழந்தவள் அவள். டிராக்டர் படியில் ஏறிச் சாவியைப் பிடுங்கினாள். அவன் அவளை நெஞ்சில் உதைத்தான். மல்லாந்து விழுந்தவள் எழுந்து கடப்பாரையால் டிராக்டரின் கண்ணாடியை உடைத்தாள். அவன் ஸ்பேனரோடு குதித்து ஓங்கி அடித்தான். கையெலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவள் வலக்கையால் கடப்பாரையை வீசி அவன் முழங்காலை உடைத்தாள். விழுந்தவனின் வாயிலும் அடித்தாள். ஒருமுறை போதும் என்று தெரிந்தே இன்னொருமுறை அடித்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் வண்டியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

"பல்லு எத்தனை போச்சு?"

"எண்ணினா சொல்றேன்," என்று ரத்தத்தோடு துப்பினான்.

விசாரித்த போலீஸ்காரரிடம், "டிராக்டர்லேருந்து விழுந்துட்டேன்," என்றான் க்ளெம். "நானும்தான்," என்றாள் அவள். அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

நிலம் பிரிந்தது. மேடு அவள் பங்கு. உழுத சால்களுக்குச் சிலந்தி திரும்பவில்லை. அவள் மண்ணில் துளை போட்டு, சிலந்திக் குழிகளுக்குப் பதிலாக மரக்குழாய்களை இறக்கினாள். இரண்டாம் கோடையில் தலைகள் தெரிந்தன. புல் அடர்ந்தால் இரை அரணைகளின் கண்ணில் படாது என்று கொஞ்சம் ஆடுகளை மேயவிடுவாள், குழிகளை மிதித்து மூடுமுன் ஓட்டிவிடுவாள்.

ஒன்பது வருடம் பேச்சில்லை. ஒருநாள் க்ளெமின் ஆடுகள் வேலி தாண்டி வந்துவிட்டன. நொண்டிக்கொண்டே ஓட்ட வந்தவன் ஒரு குழாயருகே நின்றான்.

"இருக்குதுங்களா?"

"ஐம்பத்திமூணு."

"கடிக்குமா?"

"விரல வச்சுப் பாரு."

அவன் வைக்கவில்லை. பொய்ப்பல்லை நாக்கால் சரிசெய்துகொண்டு ஆடுகளை விரட்டினான். அவள் வேலிக்கம்பியைத் தூக்கிப் பிடித்தாள்.