தனிப்பாட்டுக்கு ஒரு மிட்டாய் டப்பா

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் ஒரு பெண்பிள்ளை தனியாக நின்று கீர்த்தனை பாடும். பாடி முடித்ததும், நெய்யூர் மிஷனிலிருந்து வில்வண்டியில் வரும் வெள்ளைக்காரத் துரைசானி அம்மா அந்தப் பிள்ளையின் கையில் ஒரு தகர டப்பா கொடுப்பார். உள்ளே சீமையிலிருந்து கப்பலில் வந்த பெப்பர்மின்ட் மிட்டாய். சிவப்புக் கோடு போட்டது, நாக்கில் வைத்தால் மூக்கு வரைக்கும் குளிரும். வீட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பானை நிறைய இருக்கும். அது யாருக்கு வேண்டும்?

என் பத்து வயதில் நான்தான் பாடினேன். அடுத்த வருஷமும் நானே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்குப் பாட்டுப் பழக்கும் சபை உபதேசியார் ஒத்திகையில் என் சித்தி மகளைப் பாடிக் காட்டச் சொன்னார். என்னைவிட ஒரு வயது இளையவள். அவள் பாட ஆரம்பித்ததும் உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். நான் பாடியபோது அவர் கண்ணை மூடியதே இல்லை. அவள் நன்றாகப் பாடினாள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

தனிப்பாட்டு அவளுக்கென்று முடிவாயிற்று. அன்றிலிருந்து சித்தி அவளுக்கு மிளகுப்பால் கொடுத்தாள், தயிரை நிறுத்தினாள், புளிப்பு என்ற பேச்சே கூடாது என்றாள். அடுத்த வீட்டுக்காரிகள்கூட அவள் தொண்டையை விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறெரிந்தது.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு, எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த புளிய மரத்தடிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மடியில் உப்பு வைத்திருந்தேன்.

"ஏட்டி, புளியங்கா திங்கியா?"

"தொண்ட கெட்டிரும்னு அம்மா ஏசுவாக்கா."

"ஒண்ணே ஒண்ணு தின்னா என்ன வந்திரப் போவுது?"

ஒன்று, ஆறு ஏழு ஆயிற்று. மறுநாள் ஒத்திகையில் அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. உபதேசியார் பெருமூச்சு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அப்புறம் டப்பா ஞாபகம் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்று நான் பாடினேன். நன்றாகவே பாடினேன் என்று இன்றும் சொல்வேன். துரைசானி அம்மா டப்பாவோடு எழுந்தார். முன்வரிசையில் கழுத்தில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்த என் தங்கையைப் பார்த்தார். உபதேசியாரிடம் என்னவென்று கேட்டார். தொண்டை கட்டிவிட்டது என்று அவர் சொன்னார்.

"அப்படியானால் இது அவளுக்கு மருந்து" என்று அந்த அம்மா தம் கொச்சைத் தமிழில் சொல்லி, டப்பாவை அவள் மடியில் வைத்தார். எனக்கு ஆட்டுக்குட்டிப் படம் போட்ட ஒரு வேதவசன அட்டை கிடைத்தது.

வெளியே வந்ததும் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் கோயில் சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவள் எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"நீ புளியங்கா தந்தத ஆருட்டயும் சொல்லல்லக்கா" என்றாள், அந்தக் கம்மிப்போன குரலில். "சொன்னா ஒன்ன அடிப்பாவ. மொதல்ல நீ எடு."

குரலும் அவளுக்கு, டப்பாவும் அவளுக்கு, இப்போது இந்த நல்ல மனசும் அவளுக்கேதானா என்று எனக்கு வந்த எரிச்சல், அதுவரை வந்ததை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. இரண்டு மிட்டாயாக எடுத்துக்கொண்டேன்.